பத்தும் விழுந்த ஓட்டம்

ஜெயரட்ணம் புலம்பெயர்ந்து வந்து மவுண்ட் ரோஸ்கில் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். வயது அறுபத்திரண்டு. இரண்டு வருடமாக, வேலையில்லாத நாட்களில் திடலுக்குப் போய், ஹர்டில்ஸ் தடைகளை நிறுத்தித் தாண்டிப் பழகினார். தாண்டி என்பது பொய். விழுத்திப் பழகினார்.

"விழுத்த ஒரு பழக்கம் வேணுமே? பீங்கான் கழுவேக்க நல்லாத்தானே விழுத்துறியள்" என்றார் மனைவி ரதிதேவி.

"பின்காலால விழுத்தோணும். முன்காலால உதைச்சா போட்டியில இருந்து வெட்டிப்போடுவாங்கள்."

வன்மம் நாற்பத்துநான்கு வருடத்தது. யாழ்ப்பாணத்தில் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. எழுதியவர் 1900களில் ஓடிய ஓர் இங்கிலாந்துக்காரர். பாரமான மரத்தடைகளை ஒன்பது வருடம் தாண்டி, கெண்டைக்காலில் தழும்போடு திரிந்த மனிதர். கடைசி ஓட்டத்தில் முதலாவதாக வந்தும், மூன்று தடை விழுந்ததால் வெட்டப்பட்டார். பிறகு புத்தகம் எழுதியபோது அதே விதியைத் தடித்த எழுத்தில் போட்டார். தனக்கு நடந்தது மற்றவனுக்கும் நடக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. உலகம் அந்த விதியை எப்போதோ கைவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் கைவிடவில்லை.

பள்ளிக்கூடத்துத் தடையோட்ட இறுதிப் போட்டியில் ஜெயரட்ணம்தான் முதல். அவர் காலில் பட்டு விழுந்தவை இரண்டு. ஒன்பதாவது தடையை விழுத்தியது பக்கத்து ஓடுபாதையில் வந்த தியாகலிங்கத்தின் முழங்கை. அந்தத் தியாகலிங்கமே நடுவரைப் பார்த்து மூன்று விரலை உயர்த்தினான். கிண்ணம் அவனுக்குப் போனது. மண்டபத்துப் பலகையிலும் அவன் பெயர்.

இப்போது அவனும் இதே நகரத்தில், கிளென்ஃபீல்டில் இருக்கிறான். பழைய மாணவர் சங்கத்துச் சாப்பாடு எதுவென்றாலும் அதே கதை: "ஜெயம் வேகம்தான். ஆனா மாடு மாதிரி எல்லாத்தையும் இடிச்சு விழுத்திப்போடுவான்."

போன வருடக் கடைசியில் ஜெயரட்ணம் அவனைத் தொலைபேசியில் அழைத்தார். "மார்ச்சில மூத்தோர் போட்டி. ஹர்டில்ஸுக்கு என்ரை பேர் மட்டும்தான். உனக்கு ஏலாட்டி விடு மச்சான்."

"ஆருக்கு ஏலாது?"

அறுபது வயதுப் பிரிவில் இருவர் மட்டுமே நின்றார்கள். பிரேக் மிதிக்கிற கால் போனால் திங்கட்கிழமை என்ன செய்வது என்ற பயம் கடைசி நிமிடம்வரை ஜெயரட்ணத்துக்கு இருந்தது. வெடி கேட்டதும் அது போய்விட்டது. முதல் தடை விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் விழுந்த சத்தம் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. பத்தும் விழுந்தன. இரண்டு மீற்றர் முன்னால் கோட்டைக் கடந்தார்.

பின்னால் ஒன்றையும் தொடாமல் வந்த தியாகலிங்கம் மூச்சிரைத்தபடி இரண்டு கையையும் விரித்து நடுவருக்குப் பத்து விரலைக் காட்டினான். நடுவராக நின்ற இளம்பெண் சிரித்துக்கொண்டே வெள்ளைக்கொடியை உயர்த்தினாள். விழுந்தால் பரவாயில்லையாம்.

"இது என்னடா அநியாயம்" என்றான் தியாகலிங்கம்.

"விதி மாறி எவ்வளவு காலம். அந்தப் புத்தகத்தை மட்டும் படிச்சிட்டு வந்திருக்கிறாய்."

அந்தத் திடலில் ஓடினவர்களே தடைகளை நிமிர்த்திவைக்க வேண்டும். ஜெயரட்ணம் இரத்தம் வடிந்த காலோடு நொண்டி நொண்டி ஒன்பதை நிமிர்த்தினார். ஒன்றைத் தொடவில்லை.

"அதையும் தூக்கன்" என்றான் தியாகலிங்கம்.

"அது ஒன்பதாவது. உன்ரை முழங்கையின்ரை."

தியாகலிங்கம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அதைத் தூக்கினான்.