டேவிட்ராஜின் சுத்தமான டேப்

பாலக்கோடு தக்காளி மண்டியில் டேவிட்ராஜுக்குப் பழத்தைத் தரம் பிரிக்கிற வேலை. லீவு நாளில் கேசட்டைத் தரம் பிரிப்பார். பொம்மிடி பழைய சாமான் கடையில் ஒரு கேசட்டை எடுத்தால் குலுக்குவார், முகர்வார், நாடாவை விரலில் தேய்த்துத் துகள் உதிர்கிறதா என்று பார்ப்பார். உதிர்ந்தால் அழுகல் என்று தள்ளிவிடுவார். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

"போன்லயே பதியலாமில்லங்க?" என்று யாராவது கேட்டால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"போன்ல பதிஞ்சா பாட்டு காயாவே நிக்குது. டேப்புலதான் பழுக்கும்."

இந்த வருடம் அந்தோணியார் திருவிழாவுக்கு அவர் கட்டிய பாட்டைக் கேட்டுப்பார்க்க ஃபாதர் சம்மதித்திருந்தார். மூன்று வருடமாக "இரைச்சலா இருக்கு" என்று தள்ளப்பட்ட பாட்டு. இந்தத் தடவையும் இரைச்சல் வந்தால் இனி எப்போதும் கிடையாது. ஊரெல்லாம் அலைந்தும் சுத்தமான டேப் அகப்படவில்லை. வீட்டு பீரோவில் மட்டும் ஒன்று இருந்தது. அவருடைய கல்யாணத்தில் மனைவியின் அண்ணன் சவுரியப்பன் மைக்கில் பேசிய கேசட் அது. சவுரியப்பன் இப்போது உயிரோடு இல்லை.

"அதத் தொட்டீங்கன்னா கைய ஒடச்சுப்புடுவேன்" என்று மனைவி புஷ்பமேரி முன்பே சொல்லியிருந்தாள்.

பேச்சு இருப்பது பி பக்கம். ஏ பக்கம் காலி. காலிப் பக்கத்தில் பாடினால் என்ன குடி முழுகிவிடும்? அவருடைய ரெக்கார்டரில் சத்தத்தை ஏற்றி இறக்க நான்கு குமிழ்கள்: முதல் இரண்டும் ஏ பக்கத்துக்கு, மற்ற இரண்டும் பி பக்கத்துக்கு. அது இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் வாசிக்கும். பி பக்கம் மட்டும் தலைகீழாகக் கேட்கும். அதனால் குரலையும் ஆர்மோனியத்தையும் முதல் இரண்டு குமிழில் பதிந்து, மற்ற இரண்டையும் அடியோடு இறக்கிவைத்தார். பிரதி எடுத்தால் தரம் கெடுமாம். ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் போட்டுக்காட்ட ரெக்கார்டரையே கோயிலுக்குத் தூக்கிப்போனார்.

மைக்செட் காளியப்பன் பார்த்தார். "என்னங்கண்ணா, ரெண்டு எறங்கிக் கெடக்குது?" என்று எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்.

பாட்டுக்கு நடுவே ஓர் ஆண் குரல் தலைகீழாகப் பேசத் தொடங்கியது. முன்வரிசைக்காரர்கள் பக்தியோடு கைகூப்பினார்கள்.

"லத்தீனா, டேவிட்?" என்றார் ஃபாதர்.

"ஆமாங்க ஃபாதர்." வேறு என்ன சொல்வது, பாவம்.

அப்போது அந்தக் குரல் சிரித்தது. பேச்சைத் திருப்பிப் போட்டால் புரியாது. சிரிப்பு சிரிப்பாகத்தான் இருக்கும். பெண்கள் பக்கமிருந்து புஷ்பமேரி எழுந்து வந்தாள். டேவிட்ராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவள் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்தாள். கண்ணில் தண்ணீர்.

"ஒங்க கைய வூட்டுல போய் ஒடச்சுக்கறேன். எங்கண்ணன் சிரிச்சத இன்னொருக்கா போடுங்க."