சோத்துக்கை கிட்டார்

கஸ்டம் ஆர்டர் கொடுத்து எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா என்று எங்கள் காப்பெல் ஊர் நண்பர்கள் கேட்டால் எனக்கு நான் வாங்கிய கிட்டார்தான் ஞாபகம் வரும்.

என்னோடு பேச்சை நிறுத்திவிட்ட மகளுக்காக ஒன்று ஆர்டர் பண்ணினேன். அவளுக்குப் பிடித்த நீலம், கிட்டாரின் கழுத்தில் அவள் பெயர். "எந்தக் கையால் வாசிப்பாள்?" என்று கிட்டார் செய்பவர் கேட்டார். யோசிக்காமல் வலது என்றேன். இடது கையில் ஸ்பூனை எடுத்தாலே, "சோத்துக்கையால சாப்பிடு" என்று அடித்து வளர்த்தவன் நான்.

ஆறு மாதம் கழித்து வந்த கிட்டாரை அவள் தலைகீழாகத் திருப்பி, இடது கையால் மீட்டினாள். பெயரும் தலைகீழானது.

"மாத்தித் தரச் சொல்றேன்டா, ப்ளீஸ்," என்று கெஞ்சினேன்.

"இட்ஸ் ஓகே, அப்பா. ஐ ஆம் யூஸ்ட் டு இட்."

கிட்டாரைத் தாராளமாக வாங்கலாம். முன்பின் தெரியாத அந்த மனிதர்கூட எந்தக் கை என்று கேட்டார். பெற்றவன் நான் கேட்டதே இல்லை.