நான்காவது நினைவூட்டல்

ஆறுமுகத்தாயின் நூலகத்துக்கு நான் போனது படிப்பதற்காக இல்லை. அங்கே மின்விசிறி ஓடும். தூத்துக்குடி வெயிலில் அதைவிடப் பெரிய இலக்கியம் எது? வியாபாரிகள் சங்கம் ஒன்று தோணித்துறைச் சாலையில் கட்டி, திறப்பு விழாவோடு மறந்துவிட்ட கட்டடம் அது. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு தூங்கிய என்னையும் சேர்த்து, ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிகம்.

ஆறுமுகத்தாய் ஆத்தூர்ப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. சென்னையில் ஒரு வருடம் நூலக அறிவியல் படித்துவிட்டு, எழுபத்து நான்கில் இங்கே நூலகராக வேலைக்கு வந்தவர். “புஸ்தகம் எடுத்துக் குடுக்கதுக்கு ஒரு பட்டமாம்மா?” என்று ஒருநாள் கேட்டு வசமாக மாட்டிக்கொண்டேன். நூலைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் போடுவது, அட்டை எழுதுவது, வாசகர் மனதில் இருப்பதைக் கேள்வி கேட்டே வெளியே கொண்டுவருவது என்று ஒரு மணி நேரம் சொன்னார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அது என்று பிறகுதான் புரிந்தது. ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு வாடகை அறைக்குப் போனால், மறுநாள் வரை அவரிடம் பேச ஒரு ஆள் கிடையாது.

கொழும்புத் தோணியில் வேலை பார்த்த ஜெயசிங் ஒருநாள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து, “நட்சத்திரம் பத்தி புஸ்தகம் இருக்காம்மா?” என்று கேட்டான்.

“திசை பாக்கதுக்கா, பேரு தெரியதுக்கா?”

“திசை தெரியும்மா. பேருதான் தெரியாது.”

ஆறுமுகத்தாய் நேரே ஐந்நூற்று இருபதாம் எண் அடுக்குக்குப் போய் நூலோடு வந்தார். இதை முடித்ததும் படிக்க இதே மாதிரி இன்னொரு நூலும் வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டுப் போனான். இரண்டு வருடத்தில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்த தாயார் கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டார்.

நூல் வெளியே போனால் அதன் அட்டையை, உறை மாதிரி இருக்கும் வாசகர் சீட்டுக்குள் செருகி, தேதிவாரியாக ஒரு மரத்தட்டில் நிறுத்திவைப்பார். நூல் திரும்பினால்தான் சீட்டும் வாசகர் கைக்குத் திரும்பும். எழுபத்தாறு கார்த்திகைப் புயலில் ஒரு தோணி கடலோடு போய்விட்டது என்று ஊரே பேசியது. ஜெயசிங் எந்தத் தோணி என்று அவர் கேட்டதே இல்லை. புத்தகத்துக்கு வெளியே மனிதரிடம் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவர்.

கெடு தாண்டினால் மூன்று நினைவூட்டல் அஞ்சலட்டை போட வேண்டும். அதற்கும் திரும்பாவிட்டால் நூலைப் பதிவேட்டில் அடித்துவிட வேண்டும். இது விதி. ஜெயசிங்குக்குப் போட்ட மூன்றாவது அட்டையில், அச்சடித்த வரிக்குக் கீழே அவர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: “நீங்கள் கேட்ட அடுத்த நூல் வந்துவிட்டது. எடுத்து வைத்திருக்கிறேன்.”

ஒரு வாரத்தில் மூன்று அட்டைகளையும் கையில் பிடித்தபடி ஒரு பெண் வந்தாள். ஜெயசிங்கின் மனைவி கிருபை. உப்பளத்தில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

“அவுக போன தோணிதாம்மா திரும்பல. இனி வரமாட்டாக, ஜெபம் வச்சு முடிச்சிருவோம்னு கொழுந்தனாரு சொல்லுதாரு. ஆனா நீங்க எடுத்து வச்சிருக்கேன்னு எழுதியிருக்கீக. வருவாகன்னு தெரியாமலா எழுதுவீக?”

ஆறுமுகத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. புஸ்தகம் திரும்பலைன்னா எழுதணும். அவ்வளவுதான்.”

“அப்போ திரும்புத வரைக்கும் எழுதுவீகள்லா?”

“எழுதுதேன்” என்றார் ஆறுமுகத்தாய்.

சங்கத்துச் செயலாளர் சிவனணைந்தபெருமாள் அந்த நூலை அடித்துவிடச் சொன்னார். ஆறுமுகத்தாய் அடிக்கவில்லை. மாதம் பிறந்தால் நான்காவது, ஐந்தாவது என்று அட்டை போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. “போனவனுக்குத் தபால் போட்டு அந்தப் பிள்ளைய ஏமாத்துதீங்களே, பாவம் இல்லையா?” என்று சண்டை போட்டேன்.

“அடிக்கதுக்குக் கை வரல அண்ணாச்சி” என்றார்.

அட்டை கிடைத்ததும் கிருபை அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிடுவாள். எழுதியவரே வாசித்துக் காட்டுவார். வாசிக்க ஒரு நிமிடம். பேச்சு, பூட்டும் நேரம் வரை. அந்த ஒருநாளைக்காக ஆறுமுகத்தாய் பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருவார். அவர் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த நாட்களில்தான்.

எழுபத்தெட்டு கார்த்திகையில் கிருபை ஒரு துணி மூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே நட்சத்திரப் புத்தகம்.

“வீட்டுப் பொட்டியிலதாம்மா இருந்துச்சு. நனைஞ்சிரும்னு அவுக கொண்டுபோகல. குடுத்தா கடுதாசி நின்னுருமேன்னு நான்தான் ஒளிச்சு வச்சேன்.” மூக்கை உறிஞ்சினாள். “போதும்மா. ஞாயித்துக்கிழமை ஜெபம் வைக்கோம்.”

ஆறுமுகத்தாய் படித்த படிப்புப்படியே செய்தார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். மரத்தட்டிலிருந்து அட்டையை எடுத்து நூலில் செருகினார். ஜெயசிங்கின் சீட்டைக் கிருபையின் கையில் கொடுத்தார்.

“அடுத்த மாசமும் வாங்க.”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா” என்று சொல்லிவிட்டுக் கிருபை இறங்கிப் போனாள்.

மறுமாதம் முதல் தேதி, பழக்கத்தில் ஒரு அஞ்சலட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார் ஆறுமுகத்தாய். முகவரி எழுதும் இடத்தில் முள் வெகுநேரம் நின்றது. அப்புறம் பேனாவை மூடிவிட்டு அழுதார். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.