அப்பா களியை மென்ற கோடை

கேழ்வரகுக் களி தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்போது நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவும். அதில் பல்லுக்கு வேலையே கிடையாது. காரிமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊரில் களியை மென்று தின்பவரைப் பார்த்தால் ‘அசலூரா?’ என்று சிரிப்பார்கள். எனக்குப் பதினோரு வயதான கோடையில், பிறந்ததிலிருந்து களியை விழுங்கியே வளர்ந்த என் அப்பா, தட்டின் முன் ஒரு நீண்ட மூச்சு விட்டு, ஒவ்வொரு கவளத்தையும் நிதானமாக மென்று தின்னத் தொடங்கினார்.

அப்பா லாரி டிரைவர். அதற்கு ஆறு மாதம் முன்பு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அவர் ஓட்டிய லாரி கவிழ்ந்தது. மாற்று டிரைவராகக் கூட வந்த அவருடைய சிநேகிதர் செல்வம் மாமா அங்கேயே இறந்துபோனார். அப்பாவுக்கு முறிந்த விலா எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கியது. வேலைக்குப் போகாமல், பேசாமல், சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். அம்மா வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. அப்போதுதான் அவருடைய பழைய கூட்டாளி, கன்னடக்காரர் சிவண்ணா வந்து, பெங்களூருக்கு அப்பால் ஒரு பௌத்த மடத்துக்குப் பத்து நாள் அவரை அழைத்துப் போனார்.

திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் குனிந்து, ஜோடி சேர்த்து வைத்தார். குளிக்கும்போது தண்ணீர் முதுகில் வழிவதை நின்று கவனித்தார். சாப்பிடுமுன் தட்டைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். “என்னப்பா சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“இது எங்கிருந்து வந்துச்சு, எத்தனை கை பட்டு வந்துச்சுன்னு நெனச்சுப் பாக்கறேன் பாப்பா. அவ்வளவுதான்.”

எனக்கு அது வேடிக்கை, அம்மாவுக்கோ பயம். “ஏனுங்க, புத்தரு பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டுப் போனவருதானுங்களே? நீங்களும் அதுக்குத்தான் பழகறீங்களா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். அதன்பின் அவர் கொல்லைப்பக்கம் போனாலும், “போயி பாத்துட்டு வாடி” என்று என்னை அனுப்புவாள். அவர் எறும்புச் சாரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் ஓடிவந்து, “இருக்காரும்மா” என்பேன்.

ஒருநாள் காலை அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். பானை நகராமல் அதன் கழுத்தில் கொடுத்த கவைக்கம்பைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்ற வேண்டும், தோள் கழன்றுவிடும். வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்திருந்த அப்பா திடீரென்று கேட்டார்: “வள்ளி, கையில அது என்ன தழும்பு?”

அம்மாவின் துடுப்பு நின்றது. “களி தெறிச்சதுங்க. பாப்பா பொறந்த வருசம்.”

“பதினோரு வருசமாவா இருக்குது?”

“நீங்க எங்க வூட்டுல இருந்தீங்க, பாக்கறதுக்கு?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அந்தக் கையை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அப்பா எழுந்துபோய்த் துடுப்பை வாங்கிக்கொண்டார். “எத்தனை கை பட்டுச்சுன்னு தெனமும் நெனச்சேன். உன் கையை மட்டும் பாக்காம வுட்டுட்டேன்,” என்றார். துடுப்பைச் சுழற்றியபடியே, “வுட்டுட்டுப் போறதுக்கு இல்ல வள்ளி. இங்கியே இருக்கறதுக்குத்தான் பழகறேன்,” என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கிண்டத் தெரியாதவர் கிண்டிய களி கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று பேருமே மென்றுதான் தின்றோம்.

ஆனி மாதம் அப்பா மறுபடி லாரியில் ஏறினார். சாவியைத் திருகுமுன் கண்ணை மூடி, மூச்சை எண்ணியபடி உட்கார்ந்திருந்தார். “மொதல் மூச்சு செல்வத்துக்கு,” என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். கை நடுக்கம் முழுதாக நிற்க மேலும் ஒரு வருடம் ஆயிற்று.

நான் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் லாரி நின்ற ஷெட் இன்று பெட்ரோல் பங்க். சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். போன பங்குனியில் அம்மாவும் போய்விட்டாள். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த மத்தியானம் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். பழையபடி பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பயப்படாத பாப்பா,” என்றார். “அழுகை வருது, வரட்டும். ஆனா உங்கம்மாவப் பாக்காமயே இருந்துட்டேனேங்கற அழுகை மட்டும் எனக்கு இல்ல.”