சரி போட்ட பெட்டிகள்

அப்பா பிரான்ஸுக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொம்பியூட்டரில் வருவார். கொழும்புத்துறைத் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நானும் அம்மாவும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அதன் முன்னால் உட்காருவோம். கால்மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்கலாம். மற்ற ஆறு நாளும் அம்மா கடை வேலைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பின்னேரங்கள் எனக்குத் துளியும் பிடிக்காது.

அப்பாவின் முகத்தைப் பதிந்து வைத்தால் திங்கட்கிழமையும் பார்க்கலாமே என்று யோசித்தேன். அதற்கான மென்பொருளை இலவசமாகத் தரும் ஒரு இணையத்தளத்தை நானே தேடிப் பிடித்தேன். ஏற்றும்போது அது ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஏற்கெனவே சரி போட்டிருந்தது. ரீச்சர் போட்ட சரியை அழிக்கிற பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்ற பெருமையோடு, அடுத்தது அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போனேன்.

கேட்டது ஒன்று, வந்தவை ஆறேழு. திரையின் மேற்பக்கம் பட்டை பட்டையாக நிறைந்தது. கொம்பியூட்டரில் நூறு பிழை இருக்கிறதென்று ஒரு பெட்டி சிவப்பாகக் குதித்தது. மூட மூட இன்னொன்று வந்து ஏதாவது கேட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வீட்டில் என்னிடம் ஏதாவது கேட்க அவையாவது இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். "பிள்ளை, நான் கதைக்கிறது கேக்கு..." என்றதோடு வாய் திறந்தபடியே நின்றுவிட்டார். பிறகு திரை கறுத்துப்போனது.

பெரியம்மாவின் மகன் வந்து அந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"உதெல்லாம் ஆர் ஏத்தினது?"

"தெரியாது, அண்ணை."

அடுத்த ஞாயிறு கொம்பியூட்டர் நன்றாகவே ஓடியது. அப்பா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "உது இன்னும் சரிவரேல்லைப் போல, பிள்ளை" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

பயந்துபோய், செய்த பாவங்களைச் சுவாமியிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். "சரி போட்ட பெட்டியளை அப்பிடியே விட்டது என்ரை பிழை, சுவாமி." சுவாமிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மூன்று தரம் அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் முப்பது தரம் சொன்னேன். அதற்கும் அப்பா வரவில்லை.

அப்பாவைத் தொலைத்தது நான்தான் என்று பல வருடம் நம்பியிருந்தேன். அந்த நாட்களெல்லாம் அம்மாவின் பைக்குள் கைத்தொலைபேசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அந்த இலக்கம் அப்பாவுக்கு மனப்பாடம்.