கோலிக்குப் பின்னால் ஒரு முகம்

லென்ஸ் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்புவார். எந்தப் பத்திரிகையிலும் அவருக்கு வேலை இல்லை. எல்லாப் பத்திரிகைக்கும் வேலை செய்வார். எடுத்த போட்டோ விற்றால் வீட்டில் சாப்பாடு, விற்காவிட்டால் மனைவியின் முறைப்பு.

கால்பந்து நடந்தால் அவர் இடம் கோல் வலைக்குப் பின்னால். கோல் விழும் படத்தைத்தான் வாங்குவார்கள். பந்தைப் பிடித்த படம் யாருக்கு வேண்டும்? ஆகவே ஊர் அணியின் கோல்கீப்பரை, எல்லாரும் கூப்பிடுகிற கோலியை, லென்ஸுக்கு முதுகாகத்தான் தெரியும். பந்து தூரத்தில் உருளும்போது அந்த முதுகு திரும்பாமலே வம்பிழுக்கும்: “அண்ணே, இன்னைக்காவது பட்டினி கெடங்க.”

“நீ இருக்கிற வரைக்கும் எனக்கு ஏன்டா பட்டினி?” என்பார் லென்ஸ்.

ஒரு மழைநாளில் கோலியின் பைக் லாரிக்கு அடியில் போய்விட்டது. பத்திரிகையிலிருந்து போன் செய்து, முகம் தெளிவாக ஒரு படம் கேட்டார்கள். லென்ஸ் கம்ப்யூட்டரைக் குடைந்தார். முதுகு, முதுகு, புல்லில் கவிழ்ந்த தலை. முகம் மட்டும் இல்லை.

அப்படியானால் வீட்டுக்குப் போய்ச் சுவரில் இருக்கிற படத்தைப் படம் பிடிக்க வேண்டியதுதான். தொழிலில் அது சாதாரணம். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்ற வேண்டும், அல்லது சாய்த்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுக்கிறவனே கண்ணாடியில் விழுவான். லென்ஸுக்கா தெரியாது? ஆனால் போனபோது கோலியின் அம்மா அந்தப் படத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேமராவை முகத்துக்குத் தூக்கவும் கூச்சம். நெஞ்சோடு வைத்து, நேராக ஒரு கிளிக். சரியாக விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

மறுநாள் பேப்பரில் கோலி சிரித்தான். அவன் தோளுக்குப் பின்னால், புகை மாதிரி, இன்னொரு முகம்.

சக போட்டோக்காரர்கள் லென்ஸுக்கு ‘ஆவி’ என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். ஆனால் கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்து தாடையைக் கிழித்துக்கொண்டார். பஸ் ஜன்னல், அணைத்துவைத்த டிவி, எதில் தன் முகம் தெரிந்தாலும் அதற்கு முன்னால் ஒரு தோள் நின்றது. மைதானத்தில் புதுக் கோலி வாயே திறப்பதில்லை. ஆனாலும் பட்டினி கிடக்கச் சொல்லி ஒரு குரல் கேட்டது.

அப்போதுதான் அந்த அம்மா போன் செய்தாள். பேப்பரில் மகனுக்குப் பின்னால் நிற்பது, அவன் சின்னப் பையனாக இருந்தபோதே போய்ச் சேர்ந்த அவன் அப்பாதானாம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்களாம். முகம் தெரிகிற மாதிரி பெரிதாக்கி எடுத்துவரச் சொன்னாள்.

“ஆமான்னு சொல்லிட்டு வாங்க,” என்றாள் மனைவி. “உங்க மூஞ்சி ஒருத்தருக்காவது நிம்மதி குடுக்கட்டும்.”

பொய் சொல்லிவிடுவது என்றுதான் போனார். லேப்டாப்பை மடியில் வைத்துத் திறப்பதற்குள், அவள் பேப்பர் துண்டை நீட்டி அந்தப் புகையின் மேல் விரலை வைத்தாள். “அவர்தானேப்பா?”

உண்மையைச் சொன்னால் அந்த அப்பாவுக்கு இரண்டாவது சாவு. சொல்லாவிட்டால், செத்தவர் வேடத்தில் இந்தச் சுவரிலேயே காலமெல்லாம் தான் தொங்க வேண்டும்.

“இல்லம்மா. அது நான். கண்ணாடில விழுந்துட்டேன்.”

அவள் விரலை எடுக்கவில்லை. அவரை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டாள். “நீ அவனுக்கு யாரு?”

வலைக்குப் பின்னால் உட்காருகிறவன் என்றார். வேறு உறவு எதுவும் தோன்றவில்லை.

“அப்ப அவன் படம் நெறைய வச்சிருப்பியே. காட்டு.”

எல்லாம் கோல் வாங்கின படம் என்று தயங்கினார். அவள் விடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் பந்து வலைக்குள், மகன் மண்ணில்.

“இத்தனையா விட்டான்?”

“நல்லாப் பிடிப்பான்மா. பிடிச்சதை நான் எடுக்கலை.”

“திருட்டுப் பய. வீட்டுல வந்து ஒண்ணுகூட விடலைன்னுதான் சொல்லுவான்.” அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, அழுகையா என்று லென்ஸ் பார்க்கவில்லை. அடுத்தது என்று அவள் கை காட்டினாள். தட்டினார்.

குப்புற விழுந்த முதுகு. அவள் கையை நீட்டி, திரையில் அதைத் தட்டிக் கொடுத்தாள்.