மாச்சாக்கு விளிம்பு

கைகள் அவசரப்படவில்லை. பாதியாக உடைத்த பிளேடால் ஒவ்வொரு தையலையும் தூக்கி அறுத்துக்கொண்டு போயின. இழுத்துப் பிய்த்தால் வலைத்துணி கிழிந்துவிடும். நுளம்பு வலையின் கீழ்விளிம்பில் ஓடிய வெள்ளை லேஸ் முழம் முழமாகக் கழன்று மடியில் விழுந்தது. பத்து நாட்களுக்கு முன் அதே கைகள்தான் அதைத் தைத்திருந்தன.

கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் வலை தைப்பவள் நேசமலர்தான். யாரும் அவளுக்குப் பழக்கவில்லை. கிழிந்த வலைகளைப் பிரித்துப் பார்த்தே படித்துக்கொண்டாள். அவள் தைத்த வலைகளுக்கெல்லாம் அடியில் ஒரு முழ உயரத்துக்கு, கோதுமை மா வந்த சாக்கை வெட்டிய மாச்சாக்குத் துணி இருக்கும். நித்திரையில் கால் போய் வலையில் முட்டினால் நுளம்பு வெளியே இருந்தபடியே குத்தும். சாக்குத் துணியில் முட்டினால் குத்த முடியாது. மூத்த மகள் சுதாஜினி மூளை மலேரியாவில் போன பிறகுதான் இதை யோசித்துக் கண்டுபிடித்தாள்.

அதற்கு மூன்று வருடங்களுக்குப் பிறகு, தொண்ணூற்றைந்து தை மாதத்தில், சண்டை நின்றிருந்தது. அறுவடையைப் பார்க்கவென்று டென்மார்க்கிலிருந்து மூன்று மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் கிளிநொச்சிக்கு வந்தார்கள். பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு. வீட்டுக்கு ஒருவர். விரிவுரையாளர் யோகநாதன் வந்து கேட்டபோது நேசமலரின் கணவர் செல்வநாயகம் உடனே ஓமென்றுவிட்டார். வரப்போகிறவள் படுக்கும் வலையில் மா மில்லின் சிவப்பு எழுத்துகள் தெரிவதா என்று நேசமலருக்கு வெட்கம். சாக்குத் துணியை விட்டுவிட்டு லேஸ் பிடித்தாள்.

வந்தவள் ஹன்னா. இருபத்திரண்டு வயது. முதல்நாள் உள்ளே வரும்போதே கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். "இது பிள்ளையோ, தென்னம்பிள்ளையோ!" என்று செல்வநாயகம் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவள் பழகிய ஒரே தமிழ்ச்சொல் 'காணும்', அதாவது போதும். சோறு போடும்போது ஒவ்வொரு நாளும் அதைச் சொன்னாள். ஒரு நாளும் யாரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் வயலிலிருந்து சிவந்த முகத்தோடு திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். நேசமலர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. ஈரத்துணியால் துடைக்கலாமென்று சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள். இரண்டு குதிகாலிலும் நுளம்புக் கடி. பழையது கறுத்தும் புதியது சிவந்தும், எண்ண முடியாத அளவுக்கு.

வலையின் நீளம் போதவில்லை. இவ்வளவு நாளும் அந்தக் கால்கள் லேஸுக்கு மேலே வெறும் வலையில் முட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன.

மலேரியாத் தொண்டர் தவராசா வந்து விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி எடுத்துக்கொண்டு சைக்கிளில் ரவுண் ஆஸ்பத்திரிக்குப் போனார். பொழுதுபடமுன் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

யோகநாதன் ஓடி வந்தார். "பயப்படாதேங்கோ அக்கா. இவை கிழமைக்கு ஒரு மலேரியாக் குளிசை போடினம்."

"என்ர பிள்ளையும் குளிசை போட்டவள்தான், சேர்."



லேஸ் முழுவதும் கழன்றதும் நேசமலர் தன் வலையை அவிழ்த்துக்கொண்டு வந்து கத்தரிக்கோலை வைத்தாள்.

"நாங்கள் எதுக்குள்ள படுக்கிறது?" என்றார் செல்வநாயகம்.

"வேப்பிலை போட்டுப் புகைப்பம்."

"சரி. அளந்துபோட்டு வெட்டன். பிள்ளை படுத்துத்தானே கிடக்குது."

நூலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஹன்னா மல்லாந்து கிடந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. நேசமலர் நூலின் ஒரு நுனியைக் குதிகாலடியில் வைக்கக் குனிந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் இதே அறையில், படுத்துக் கிடந்த ஒருத்தியின் காலிலிருந்து தலைவரைக்கும் நூல் பிடித்தவன் பெட்டி செய்கிறவன்.

நூலைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"என்னப்பா, அளந்திட்டியே?"

அவள் கதவு நிலையைப் பார்த்தாள். நெற்றி இடித்த இடம். கதிரையைப் போட்டு ஏறி, அங்கேயிருந்து நிலம்வரைக்கும் நூலை விட்டாள். அதோடு இன்னும் ஒரு முழம் சேர்த்து வெட்டினாள்.

பிறகு தையல் மெசினில் இருந்தாள். கால் ஒரே சீராக மிதித்தது. வலையோடு வலையை மூட்டி, மூட்டின் மேல் இரண்டாம் தையல் ஓட்டினாள். நாலு மூலையிலும் கயிறு கட்டும் காதுகளைத் திருப்பித் திருப்பித் தைத்தாள். மாச்சாக்கைச் சுற்றிவரப் பிடித்தாள். ஒரு முழமல்ல, ஒன்றரை. ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் ஊசி நின்றது. நான்கு தடவை வேறு யாரோ போனார்கள்.

ஐந்தாம் தடவை தவராசா. படலையடியிலேயே கையை ஆட்டினார். "கிருமி இல்லை. வெயில் காய்ச்சல்தான்."

நேசமலர் எழும்பவில்லை. "வடிவாப் பார்த்தவையோ?"

"ரெண்டு தரம் பார்த்தவை. ஆனா அக்கா, இண்டைக்குக் கடிச்சது இண்டைக்குத் தெரியாது. பத்துப் பதினைஞ்சு நாளைக்குக் கவனம். காய்ச்சல் காய்ஞ்சால் திரும்பவும் குத்திப் பார்க்க வேணும்."

அடுத்த நாள் காலையில் டென்மார்க்கிலிருந்து வந்தவர்களின் வான் தண்ணீரூற்று என்ற ஊருக்குப் போகிறது. அங்கே இன்னும் பத்து நாட்கள். யார் வீடு, என்ன வலை, ஒன்றும் தெரியாது. நேசமலர் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, மிஞ்சிய விளிம்பையும் ஓட்டி முடித்தாள்.

விடிய வான் வந்து நின்றது. ஹன்னாவுக்குச் சூடு குறைந்திருந்தது. செல்வநாயகம் மெதுவாகச் சொன்னார்: "எழுத்து உள்பக்கம் போக எண்டாலும் தைச்சிருக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளை..."

"பார்க்கட்டும்."

யோகநாதனைப் பக்கத்தில் நிறுத்தினாள். "சொல்லுங்கோ சேர். போற இடமெல்லாம் இதுக்குள்ளதான் படுக்க வேணும். துணியைப் பாய்க்குக் கீழ செருக வேணும். பதினைஞ்சு நாளைக்குள்ள காய்ஞ்சால் விரலைக் குத்தச் சொல்ல வேணும். எனக்கு ஒரு வரி எழுதிப்போட வேணும்."

அவர் இங்கிலீசில் சொன்னார். ஹன்னா விரித்துப் பார்த்தாள். வலை அவள் கைகளைத் தாண்டி நீண்டு முற்றத்து மண்ணைத் தொட்டது.

"காணும், அம்மா," என்றாள்.

நேசமலர் மண்ணைத் தட்டி, நாலாக மடித்து, சிவப்பு எழுத்து மேலே இருக்க அதை அவள் கையில் வைத்தாள்.